காப்பும் சிறுதேரும்

ஏழு வயதுக் குழந்தை ஒன்று, பெரியவர் துணையின்றித் தானே நடந்து பள்ளிக்குச் செல்லலாமா? இந்த எளிய வினாவுக்கு அரை நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த பெற்றோரும் இன்றைய பெற்றோரும் கூறும் விடைகள் ஒன்றல்ல. அன்று பலர் இவ்வினாவையே வியப்பாகக் கருதியிருப்பர்; இன்று பலர் விடைகூற அஞ்சித் தயங்குவர். இடையில் மாறியது எது? பெற்றோரின் அன்பா, பிள்ளைகளின் திறனா, அவர்கள் நடக்கும் தெருவா? பிள்ளைகளுக்கு வழங்கப்படும் தன்னுரிமை காலந்தோறும் எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தில் இழந்தவை யாவை, பெற்றவை யாவை என்பவற்றை அறிவது, இளமையின் வாயிலில் நிற்போர்க்கும் அவர்களை வளர்ப்போர்க்கும் பயன்தரும்.

பத்துப் பருவங்கள்

தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று பிள்ளைத்தமிழ். பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகப் பாவித்து, அக்குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவது இதன் மரபு. முதல் பருவத்தின் பெயர் காப்பு. குழந்தையைக் காத்தருளுமாறு தெய்வங்களை வேண்டுவது. அடுத்து, செங்கீரையில் குழந்தை தலைநிமிர்த்தி அசைகிறது, தாலப் பருவத்தில் தாலாட்டுக் கேட்கிறது, சப்பாணியில் கைகொட்டுகிறது, முத்தப் பருவத்தில் முத்தம் தருமாறு வேண்டப்படுகிறது. வாரானைப் பருவத்தில், தளர்நடையிட்டு வருமாறு அழைக்கப்படுகிறது. அம்புலிப் பருவத்தில், குழந்தையுடன் விளையாட வருமாறு நிலவையே அழைக்கின்றனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழ் அதன்பின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனத் தொடர்ந்து நிறைவுறும்.

இவ்வரிசையில் வளர்ப்பு முறை பற்றிய ஒரு கருத்து பொதிந்துள்ளது. பிறரால் காக்கப்பட வேண்டியிருந்த உயிர், பத்தாம் பருவத்தில் தானே ஒரு சிறுதேரை உருட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுகிறது. காப்பு இன்றித் தொடக்கம் இல்லை. சிறுதேர் இன்றி நிறைவு இல்லை. காப்பிலேயே நின்றுவிட்ட பிள்ளைத்தமிழ் முற்றுப்பெறாத நூல்.

பெண்பாற் பிள்ளைத்தமிழில் இறுதி மூன்று பருவங்கள் வேறுபடும். அங்கே நிறைவாக அமைவது பெரும்பாலும் ஊசல். தேர் தெருவில் முன்னோக்கிச் செல்லும். ஊசல் எவ்வளவு உயரம் எழுந்தாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பும். புலவர்கள் இதனை எண்ணிப் பாடினார்கள் என்று கொள்ளவேண்டியதில்லை. எனினும் ஆண்பிள்ளைக்குத் தெருவையும் பெண்பிள்ளைக்கு வீட்டையும் ஒதுக்கிய சமூக வழக்கம், விளையாட்டுப் பருவத்திலேயே தடம் பதித்திருப்பதை உணரலாம். சங்க அக இலக்கியத்திலும் இதே போக்கு உண்டு. தோழியரோடு தினைப்புனம் காத்துக் கிளியோட்டிய தலைவி, பின்னர் வீட்டைவிட்டு வெளிவராதபடி காக்கப்படுகிறாள். அதற்கு 'இற்செறிப்பு' என்று தனிப்பெயரே வழங்கியது. தன்னுரிமையின் அளவு வயதைப் பொறுத்து மட்டுமன்றி, பாலைப் பொறுத்தும் அமைந்தது பழங்காலத்திலிருந்தே தொடர்ந்து வரும் செய்தியாகும்.

தெரு வளர்த்த பிள்ளைகள்

சில தலைமுறைகளுக்கு முன்புவரை தமிழகச் சிற்றூர்களில் பிள்ளைகளின் பகற்பொழுது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கழிந்தது. பள்ளிக்குக் கூட்டமாக நடந்து செல்வர், திரும்பும் வழியில் புளியங்காய் அடிப்பர், குளத்தில் குதிப்பர், கிட்டிப்புள்ளும் கோலியும் பம்பரமும் பாண்டியும் ஆடுவர். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதே பெரும்பாலான வீடுகளில் விதி. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு கணமும் தாய்க்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியவேண்டிய தேவையும் எழவில்லை.

அப்படியானால் அப்பிள்ளைகளைக் காத்தவர் யார்? திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டி, தேநீர்க்கடையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள், மாடு மேய்த்தவர் ஆகிய எல்லாரும் காத்தனர். ஒரு சிறுவன் ஆழமான கிணற்றருகே சென்றால், அவன் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று அறிந்த எவரும் அதட்டித் திருப்பி அனுப்பினர். அந்த அதட்டலைப் பெற்றோர் குற்றமாகக் கருதவில்லை, உதவியாகக் கருதினர். எனவே அன்றைய பிள்ளைகள் துய்த்த தன்னுரிமை பெற்றோர் மட்டும் வழங்கிய கொடை அன்று. ஊரே சேர்ந்து தாங்கிய ஏற்பாடு.

இன்னொரு காரணமும் மறக்கத்தக்கதன்று. ஒரு வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் இருந்தனர். பெற்றோர் விடியல் முதல் அந்தி வரை உழைத்தனர். ஒவ்வொரு பிள்ளையையும் கைபிடித்து அழைத்துச்செல்ல அவர்களுக்கு நேரமில்லை. மூத்த பிள்ளை இளைய பிள்ளையை இடுப்பில் சுமந்தது. வளர்ப்புக் கொள்கையால் விளைந்த விடுதலையைவிட, வாழ்க்கை நெருக்கடியால் விளைந்த விடுதலையே அன்று மிகுதி.

அளந்து பார்த்த மாற்றம்

இம்மாற்றம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. முதியோரின் நினைவுகளாக மட்டுமே பேசப்பட்டுவந்த இதனை எண்களால் அளந்து காட்டிய பெருமை இங்கிலாந்து ஆய்வாளர் மேயர் ஹில்மனுக்கும் அவருடைய துணையாய்வாளர்களுக்கும் உரியது. 1971ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்ட ஆய்வில், ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றுவந்தமை தெரிந்தது. 1990இல் அதே பள்ளிகளில் மீண்டும் ஆய்வு செய்தபோது, அந்த எண்ணிக்கை 9 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. பத்தொன்பதே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது.

சாலையைத் தனியே கடத்தல், பள்ளியிலிருந்து தனியே திரும்புதல், பேருந்தில் தனியே செல்லுதல், சாலையில் மிதிவண்டி ஓட்டுதல், இருட்டியபின் வெளியே செல்லுதல் போன்றவற்றைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு வழங்கும் 'உரிமங்கள்' என்று அவ்வாய்வாளர்கள் குறிப்பிட்டனர். இரு காலங்களுக்கும் இடையில் மிதிவண்டி வைத்திருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் அதனைச் சாலையில் ஓட்ட உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. பொருள் பெருகியது, அதனைப் பயன்படுத்தும் உரிமை சுருங்கியது.

ஆய்வின் முடிவுகளுள் மேலும் ஒன்று சிந்திக்கத்தக்கது. அந்த இருபது ஆண்டுகளில் இங்கிலாந்தின் சாலைகளில் உயிரிழந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. சாலைகள் பாதுகாப்பானவை ஆகிவிட்டன என்று அரசு மகிழ்ந்தது. ஹில்மன் குழுவினர் அதனை மறுத்தனர். ஊர்திகள் பெருகிச் சாலைகள் முன்னைவிட அச்சம் தருவனவாக மாறியதால், குழந்தைகள் அவற்றிலிருந்து விலக்கப்பட்டனர். இல்லாத குழந்தைமேல் ஊர்தி மோதுவதில்லை என்பதே அவர்கள் தந்த விளக்கம். இடரை உண்டாக்கிய ஊர்திகளைக் கட்டுப்படுத்துவதற்கு மாறாக, இடருக்கு உள்ளாகும் குழந்தைகளைக் கட்டுப்படுத்திய சமூகம் அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிட்டது.

அச்சத்தின் கதை

ஊர்திகளோடு மற்றோர் அச்சமும் சேர்ந்துகொண்டது. 1979ஆம் ஆண்டு மே 25 அன்று, நியூயார்க் நகரில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் முதன்முறையாகத் தனியே பள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து சென்றான், திரும்பவில்லை. அத்துயரம் அமெரிக்கா முழுவதையும் உலுக்கியது. 1983இல் அந்நாள், காணாமற்போன குழந்தைகள் நாளாக அங்கே அறிவிக்கப்பட்டது. 1980களில் பால் அடைத்து விற்கும் அட்டைப் பெட்டிகளில் காணாமற்போன குழந்தைகளின் ஒளிப்படங்கள் அச்சிடப்பட்டன. காலை உணவின்போது, ஒவ்வொரு குடும்பமும் தொலைந்துபோன ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்தது.

அந்த முயற்சியின் நோக்கம் நல்லது. ஆனால் அதன் பக்கவிளைவு பெரிது. காணாமற்போனவர்களாகப் பதிவானவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டைவிட்டுத் தாமே வெளியேறியவர்கள் அல்லது குடும்பப் பிணக்கில் உறவினரால் அழைத்துச்செல்லப்பட்டவர்கள். முன்பின் அறியாதவரால் கடத்தப்படுதல் மிக அரிதாக நிகழ்வது. அரிதான கொடுமை நாள்தோறும் கண்முன் நின்றபோது, அது அன்றாட நிகழ்ச்சி என்ற எண்ணம் வேரூன்றியது. ஊரில் நிகழ்ந்ததை மட்டுமே அறிந்திருந்த பெற்றோர், உலகில் நிகழ்வன அனைத்தையும் தம் வீட்டு வாயிலில் நிகழ்வனவாக உணரத் தொடங்கினர்.

இந்தியாவிலும் இதற்கு இணையான ஓர் உண்மை உண்டு. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்று குற்ற ஆவணங்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. ஆகவே கதவை அடைப்பது மட்டும் காப்பு ஆகாது. தனக்கு நேர்ந்ததை அஞ்சாமல் சொல்லும் துணிவும், சொன்னால் நம்புவார்கள் என்ற உறுதியும் குழந்தைக்கு வேண்டும். துன்பத்தில் உள்ள குழந்தை 1098 என்ற எண்ணை அழைக்கலாம் என்ற ஏற்பாடும் குழந்தையின் குரலை நம்பியே அமைந்துள்ளது. வீட்டில் வாய்திறக்க உரிமையில்லாத குழந்தைக்கு வீடும் முழுப் பாதுகாப்பு அன்று.

பழமையின் மறுபக்கம்

பழைய காலத்துப் பிள்ளைகள் விடுதலையாகத் திரிந்தனர் என்று மட்டும் கூறி நிறுத்தினால், அது பாதி உண்மையே. அன்று ஆடு மேய்க்கச் சென்ற சிறுவன் அலைந்து திரிந்த காடு பரந்தது. ஆனால் பள்ளிக்குச் செல்வதா, ஆடு மேய்ப்பதா என்பதைத் தேர்ந்தெடுத்தவன் அவன் அல்லன். தீப்பெட்டித் தொழிலகங்களிலும் தறிக்கூடங்களிலும் பிள்ளைகள் உழைத்த வரலாறும் பழைய நாள்களுக்கு உரியதே.

தெருவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்கவில்லை. சாதியின் பெயரால் சில தெருக்களில் நடக்கவே தடை இருந்தது. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம், கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே எழுந்தது. ஊரே பிள்ளைகளைக் காத்தது என்னும்போது, அந்த ஊர் எந்தப் பிள்ளைகளை விலக்கி வைத்தது என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

பெண்பிள்ளைகளின் நிலையோ வேறு. பூப்பெய்தியதும் பள்ளிப் படிப்பும் தெரு விளையாட்டும் ஒருங்கே நின்றன. திருமணம் அவர்களைக் கேளாமலே முடிவாயிற்று. 1929ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்று வரையறுத்தது. அதுவே அன்று பெரும் சீர்திருத்தமாக இருந்தது என்பதிலிருந்து அதற்கு முந்தைய நிலையை உய்த்துணரலாம். 1978இல்தான் அவ்வயது 18 ஆயிற்று.

இச்சூழலில் புதுக்கோட்டையில் ஒரு குடும்பம் வேறு வழியில் நடந்தது. 1886இல் பிறந்த முத்துலெட்சுமி, வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டபின்னும் வீட்டிலேயே கல்வியைத் தொடர்ந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்று, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர விரும்பினார். எதிர்ப்பு எழுந்தது. தந்தை மகளின் பக்கம் நின்றார். புதுக்கோட்டை மன்னர் இசைவளித்தார். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் இடம்பெற்றார். ஒரு பெண் கல்லூரிக்குச் செல்வதற்கு அன்று தந்தையின் துணிவும் மன்னரின் ஆணையும் தேவைப்பட்டன. அந்த இரண்டும் வாய்க்காத பெண்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

கால்களின் விடுதலை, சொல்லின் விடுதலை

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு வேறுபாடு தெளிவாகிறது. தன்னுரிமை என்பது ஒற்றைப் பொருள் அன்று; அதில் இரு கூறுகள் உண்டு. ஒன்று, விரும்பிய இடத்துக்குத் தானே சென்றுவரும் உரிமை. அதனைக் கால்களின் விடுதலை எனலாம். மற்றொன்று, தன் கல்வி, தொழில், திருமணம் ஆகியவை பற்றித் தன் கருத்தைக் கூறும் உரிமை. அதனைச் சொல்லின் விடுதலை எனலாம்.

பழைய தலைமுறையின் சிறுவர்க்கு முதலாவது மிகுதியாகவும், இரண்டாவது குறைவாகவும் இருந்தன. ஆற்றைத் தனியே நீந்திக் கடந்த சிறுவன், தந்தையின் முன் அமர்ந்து பேச அஞ்சினான். இன்றைய பிள்ளைகளுக்கு நிலை தலைகீழாகியுள்ளது. எந்தப் பாடப்பிரிவை எடுக்கலாம், எந்த உடையை வாங்கலாம் என்று பல வீடுகளில் அவர்களைக் கேட்கின்றனர். ஆனால் அடுத்த தெருவிலுள்ள கடைக்குத் தனியே அனுப்பத் தயங்குகின்றனர். 1989ஆம் ஆண்டு நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, தம்மைப் பற்றிய முடிவுகளில் கருத்துரைக்கும் உரிமையையும் விளையாடும் உரிமையையும் ஒரே ஆவணத்தில் அளித்துள்ளது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. இரண்டும் சேர்ந்ததே முழுமை என்பது அதன் குறிப்பு.

இன்றைய காலத்தில் மூன்றாவது வெளி ஒன்றும் தோன்றியுள்ளது. அறைக்குள் அமர்ந்திருக்கும் பிள்ளை கையிலுள்ள திறன்பேசி வழியே உலகம் முழுவதும் உலவுகிறது. பிள்ளை எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் காட்டும் செயலிகள் பெற்றோரிடம் உள்ளன. பிள்ளை யாருடன் உரையாடுகிறது என்பதை அவை காட்டுவதில்லை. முன்னைய தாய்க்குப் பிள்ளை இருக்கும் இடம் தெரியாது. ஆனால் அவ்விடத்தில் இருந்தவர் அனைவரையும் தெரியும். இன்றைய தாய்க்கு இடம் தெரியும், உடனிருப்போரைத் தெரியாது. தெருவில் பிள்ளையை அதட்டித் திருப்ப ஒரு பாட்டி இருந்தார். இணையத்தின் தெருவில் திண்ணைகள் இல்லை.

இரு சக்கரங்கள்

கால்களின் விடுதலை பெற்றோர் மனத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு மிதிவண்டி சான்று. முத்துலெட்சுமி பிறந்த அதே புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு வகுப்புகளோடு, பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுத்தரப்பட்டது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். தொடக்கத்தில் ஏளனம் எழுந்தது. ஒருத்தி ஓட்டியபோது எழுந்த ஏளனம், ஊர்ப் பெண்கள் பலரும் ஓட்டியபோது அடங்கிற்று. தாய் மிதிவண்டி ஓட்டிய வீட்டில், மகள் ஓட்டுவதற்குத் தனி இசைவு தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியர்க்கெனத் தொடங்கிய மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் பயிலும் இருபால் மாணவர்க்கும் விரிவாக்கப்பட்டது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கப்பட்டது. அத்திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த மாணவியர் எண்ணிக்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகவும், சேர்க்கையில் ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததாகவும் கண்டறிந்தனர். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதியாக விளைந்தது. மகளைப் படிக்கவைக்க விரும்பாத பெற்றோர் என்று பழிக்கப்பட்ட பலர், உண்மையில் நீண்ட வழியில் அவளைத் தனியே அனுப்ப அஞ்சிய பெற்றோராகவே இருந்தனர். பல பெண்கள் ஒன்றாக மிதிவண்டியில் செல்லத் தொடங்கியதும் அவ்வச்சம் தளர்ந்தது. ஊசல் தேராக மாறிய கதை இது.

தெருவை மீட்டவர்கள்

பிள்ளைகளை வீட்டுக்குள் வைப்பதற்கு மாறாகத் தெருவைத் திருத்திய நாடுகளும் உண்டு. நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 3000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதே அவ்வியக்கத்தின் பெயர். 1973இல் எழுந்த எண்ணெய்த் தட்டுப்பாடும் அரசின் போக்கை மாற்றத் துணைபுரிந்தது. மிதிவண்டிகளுக்குத் தனிப்பாதைகள் அமைந்தன. குடியிருப்புத் தெருக்களில் ஊர்திகள் நடைவேகத்தில் ஊர்ந்துசெல்ல வேண்டும் என 1976இல் விதி வந்தது. இன்று அந்நாட்டுப் பிள்ளைகள் மிதிவண்டியில் தாமே பள்ளிக்குச் செல்வது இயல்பான காட்சி.

ஜப்பானில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு குழுவாக நடந்து பள்ளிக்குச் செல்லும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. மூத்த மாணவர் முன்செல்ல, இளையோர் பின்தொடர்வர். முதல் வகுப்புக் குழந்தைகள், ஓட்டுநர் கண்ணில் எளிதில் படுமாறு மஞ்சள் தொப்பி அணிவர். சாலைச் சந்திப்புகளில் அப்பகுதி முதியோர் நின்று வழிகாட்டுவர். இடர் நேர்ந்தால் குழந்தைகள் ஓடி நுழையத்தக்க வீடுகளும் கடைகளும் தனிக்குறியீடு ஒட்டி அடையாளப்படுத்தப்பட்டுள்ளன. திண்ணைப் பாட்டியின் பணியை அங்கே ஒரு சமூகம் திட்டமிட்டுச் செய்கிறது. பழைய ஊர் தானாகச் செய்ததைப் புதிய நகரம் முயன்று செய்யமுடியும் என்பதை இவ்விரு நாடுகளும் மெய்ப்பிக்கின்றன.

சாரமும் சுவரும்

இடரே இல்லாத வளர்ப்பு குழந்தைக்கு நன்மை தருமா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. நார்வே நாட்டு ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர், குழந்தைகள் இயல்பாக நாடும் துணிவு விளையாட்டுகளை ஆறு வகைப்படுத்தினார். உயரத்தில் ஏறுதல், விரைந்து செல்லுதல், கூர்மையான கருவிகளைக் கையாளுதல், நீர் நெருப்பு போன்றவற்றின் அருகே ஆடுதல், மற்போர் போலக் கட்டிப்புரளுதல், தனியே சென்று வழிதேடுதல் என்பன அவை. இவற்றில் சிறிது சிறிதாகப் பழகும் குழந்தை தன் அச்சத்தைத் தானே அளக்கவும் அடக்கவும் கற்கிறது என்பது அவர் கருத்து. மரத்தில் ஏறிப் பழகியவனுக்கே எந்தக் கிளை தாங்கும், எது முறியும் என்பது தெரியும்.

உளவியலாளர்கள் கற்பித்தலை விளக்கக் கையாண்ட உவமை ஒன்று இங்குப் பொருந்தும். 1976இல் வுட், புரூனர், ராஸ் ஆகியோர், கற்பவர்க்குப் பெரியவர் தரும் துணையைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டனர். சுவர் எழும்வரை சாரம் வேண்டும். சுவர் இறுகியபின் அதனை அவிழ்க்க வேண்டும். சாரம் இன்றிக் கட்டத் தொடங்கினால் வேலை நடவாது. கட்டி முடித்தபின்னும் சாரத்தை அவிழ்க்காமல் விட்டால், வீடு குடியேறத் தகுதி பெறாது.

சட்டமும் இவ்வாறே படிப்படியாக உரிமையளிக்கிறது. 14 வயதுவரை கல்வி பெறும் உரிமை. 16 வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர ஊர்திக்கு உரிமம் பெறும் தகுதி. 18 வயதில் வாக்குரிமை. வீட்டிலும் அத்தகைய படிகள் தேவை. தெருமுனைக் கடை, நூலகம், பேருந்துப் பயணம், வங்கிக் கணக்கு, வெளியூர்த் தேர்வு என ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குப் பயிற்சி. பதினேழு ஆண்டுகள் எந்த முடிவையும் எடுக்கவிடாமல் வளர்த்த பிள்ளையைப் பதினெட்டாம் ஆண்டில் நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்பது, நீந்தக் கற்பிக்காமல் ஆற்றில் இறக்குவதற்கு ஒப்பாகும்.

படிகளில் ஏறுவதற்குப் பிள்ளைகளின் பங்கும் உண்டு. சொன்ன நேரத்தில் திரும்புதல், தாமதமானால் தெரிவித்தல், தவறு நேர்ந்தால் மறைக்காமல் கூறுதல் ஆகியவை பெற்றோரின் அச்சத்தைக் குறைக்கும் நாணயங்கள். நம்பிக்கை கேட்டுப் பெறுவதைவிடச் சேர்த்துப் பெறுவதே உறுதியானது. அதேவேளை, ஒரே வீட்டில் மகனுக்கு ஒரு படியும் மகளுக்கு வேறொரு படியும் அமையுமானால், அங்கே நடப்பது காப்பு அன்று; இற்செறிப்பின் தொடர்ச்சியே. அச்சத்துக்குக் காரணம் தெரு என்றால், திருத்த வேண்டியது தெருவையே.

நிறைவாக

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பது தமிழர் வழக்கு. வளர்ந்த பிள்ளையை ஆணையிட்டு நடத்தாமல் கலந்துபேசி நடத்த வேண்டும் என்பதே இதன் பொருள். முன்னைய தலைமுறை பிள்ளைகளுக்குத் தெருவைத் தந்தது. பேச்சைத் தரத் தயங்கியது. இன்றைய தலைமுறை பேச்சைத் தருகிறது. தெருவைத் தர அஞ்சுகிறது. இரண்டையும் ஒருங்கே தருவது இனிவரும் தலைமுறையின் கடமை. அது தனி ஒரு தாயோ தந்தையோ செய்துமுடிக்கும் செயல் அன்று. மெதுவாகச் செல்லும் ஊர்தியும், ஒளியுள்ள தெருவிளக்கும், தவறாது வரும் பேருந்தும், பிறர் பிள்ளையையும் தன் பிள்ளையாகப் பார்க்கும் கண்களும் சேர்ந்தால்தான் அது கைகூடும்.

இன்று பெற்றோரிடம் இசைவு வேண்டி நிற்கும் மாணவர், இன்னும் சில ஆண்டுகளில் இசைவு தரும் இடத்தில் அமர்வர். அன்று அவர்தம் வாயிலில் ஒரு குழந்தை சிறுதேரோடு நிற்கும். அக்குழந்தை அஞ்சாமல் இறங்கிச் செல்லத்தக்க தெருவை அமைக்கும் பணி இன்றே தொடங்குகிறது.